காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு

அன்புள்ள நண்பா,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் தேவலை, படியேற முடிகிறது என்று எழுதியிருந்தாய், நிம்மதி. உங்கள் சபையில் 4 வாரத்துக்கு வேதபாட வகுப்பை உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று படித்தபோது சிரிப்புதான் வந்தது. அதுவும் தலைப்பு “அன்பும் தாழ்மையும்”! தலையாட்டத் தயாராகவே எல்லாரும் வந்து உட்காரும் தலைப்பு அது. யாரும் எதிர்த்துப் பேசமாட்டார்கள், யாரும் எதுவும் செய்யவும் மாட்டார்கள். எதிலிருந்து தொடங்கட்டும் என்று கேட்டிருக்கிறாய்.

அன்பைப் பற்றிய அதிகாரமான 1 கொரிந்தியர் 13-லிருந்து தொடங்காதே. கல்யாணங்களில் வாசித்து வாசித்து அதன் முனை மழுங்கிவிட்டது. மத்தேயு 5:23, 24-ல் தொடங்கு. காணிக்கை செலுத்த வந்தவனுக்குப் பலிபீடத்தின் முன்னால் ஒன்று ஞாபகம் வருகிறது: “உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று.” இதை வகுப்பில் மூன்று தடவை வாசிக்கச் சொல். பாதிப் பேர் மனதுக்குள் மாற்றித்தான் வாசிப்பார்கள், சகோதரன்மேல் எனக்குக் குறை என்று. யார்மேல் உனக்கு மனத்தாங்கல் என்று கேட்டால் நமக்குப் பட்டியல் உடனே வரும். உன்னால் யாருக்கு மனத்தாங்கல் என்றால் கூரையைப் பார்க்கிறோம். இயேசு கேட்பது அந்த இரண்டாவது பட்டியலை. யார் பக்கம் நியாயம் என்ற விசாரணைகூட அந்த வசனத்தில் இல்லை. அவனுக்குக் குறை இருக்கிறது, நீ எழுந்து போ, அவ்வளவுதான்.

தூரத்தையும் கணக்குப் போட்டுக் காட்டு. இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கலிலேயாவில் ஒரு மலைமேல் இருந்தவர்கள். பலிபீடமோ எருசலேமில். நடுவில் 100 கிலோமீட்டருக்கும் மேல், நடந்தால் 3 நாள். ஆட்டைப் பிடித்துக்கொண்டு 3 நாள் நடந்து வந்தவன், தன் முறை வரும் நேரத்தில் அதை அப்படியே விட்டுவிட்டு, 3 நாள் நடந்து ஊருக்குப் போய், பேசித் தீர்த்து, மறுபடி 3 நாள் நடந்து வர வேண்டும். கேட்டவர்களில் நாலு பேராவது சிரித்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றும். முன்வரிசையிலிருந்து பின்வரிசைக்குப் போக நமக்கு வருஷக்கணக்கில் ஆகிறது.

சரி, போய் என்ன சொல்வது? இதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. வழக்கமாகச் சொல்வது இது: “மனசு புண்படும்படி ஏதாவது பேசியிருந்தா மன்னிச்சிடுங்க.” இந்த வாக்கியத்தைப் பலகையில் எழுதி ஒவ்வொரு சொல்லாகக் கழற்று. “ஏதாவது” என்றால், என்ன செய்தேன் என்று தெரியவில்லை, அல்லது சொல்ல மனமில்லை. “இருந்தா” என்றால், நடந்ததா என்பதே சந்தேகம். “மனசு புண்படும்படி” என்றால், தப்பு என் பேச்சில் பாதி, உன் தொட்டாற்சிணுங்கி மனசில் பாதி. இவ்வளவையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது “மன்னிச்சிடுங்க.” அதுவும் ஒரு உத்தரவு.

பக்கத்திலேயே இதை எழுது: “போன மாதம் கமிட்டிக் கூட்டத்தில், எல்லார் முன்னாலும், உங்களுக்குக் கணக்கு பார்க்கத் தெரியாது என்று சொன்னேன். அது உண்மையில்லை என்று தெரிந்தேதான் சொன்னேன். அடுத்த கூட்டத்தில் அதே ஆட்கள் முன்னால் அதைத் திருத்திச் சொல்கிறேன்.” எப்போது, எங்கே, செய்தது என்ன, சரிசெய்வது எப்படி எல்லாம் அதில் இருக்கிறது. “ஆனா நீங்களும் அன்னைக்கு…” என்று ஒரு வால் சேர்ந்துவிட்டால் போனது வீண். எத்தனை பேர் முன்னால் அவமானப்படுத்தினோமோ அத்தனை பேர் முன்னால் திருத்தம். நாலு பேர் முன்னால் பேசியதற்குத் தனியறையில் மன்னிப்புக் கேட்பது மலிவான வியாபாரம். தனியாகச் செய்த தப்பைச் சபை நடுவில் சாட்சியாகச் சொல்லிக் கண்ணீர் விடுவதும் அப்படித்தான். அதில் பாதி நமக்கான கைதட்டல்.

பணம் சம்பந்தப்பட்டதென்றால் வாய்வார்த்தை செல்லாது. லேவியராகமம் 6-ம் அதிகாரத்தில் ஏமாற்றி எடுத்ததற்கு ஒரு கணக்கு இருக்கிறது: முதல் முழுவதும், அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும், உடையவன் கையில். அதைச் சொன்ன பிறகுதான் பலியைப் பற்றிய பேச்சே வருகிறது. எண்ணாகமம் 5:7-லும் அதே ஐந்தில் ஒன்று. வரிவசூல்காரன் சகேயுவோ, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் தருகிறேன் என்கிறான். யாத்திராகமம் 22:1-ல் ஆட்டைத் திருடி அடித்தவனுக்கும் விற்றவனுக்கும் விதித்த கணக்கு அது. தானாக முன்வந்தவனுக்குரிய ஐந்தில் ஒன்று என்ற சலுகையை விட்டுவிட்டு, பிடிபட்ட திருடனின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டான் என்று நான் வாசிக்கிறேன். தாழ்மைக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். அதில் பணம் இருக்கிறது, அளவு இருக்கிறது.

கெட்டுப்போகும் இடம் இன்னும் இரண்டு உண்டு. “உங்கமேல எனக்கு ரொம்ப நாளா பொறாமை, மன்னிச்சிடுங்க” என்று போய்ச் சொல்பவர்களைப் பற்றி வகுப்பில் கண்டிப்பாகக் கேட்பார்கள். அவருக்கு அது தெரியவே தெரியாது. நம் மூட்டையை அவர் மடியில் இறக்கிவிட்டு நாம் இலேசாக வீடு திரும்புகிறோம். அதைக் கர்த்தரிடம் சொன்னால் போதும். அடுத்தது, கேட்ட கையோடு பதிலை எதிர்பார்ப்பது. அவர் ஒரு மாதம் பேசாமல் இருந்தால் இருக்கட்டும். “நான்தான் மன்னிப்புக் கேட்டேனே, அவர்தான் இறங்கிவரவில்லை” என்று நாலு இடத்தில் சொன்னால், போன கால் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தம்.

முதல் 2 வாரமும் இதற்கே போகட்டும். மத்தேயு 18:15-ஐயும் சேர்த்துக்கொள், அது எதிர்த்திசை: தப்பு அவன் செய்தது, ஆனால் போக வேண்டியவன் மறுபடியும் நீதான். முதலில் “நீயும் அவனும் தனித்திருக்கையில்.” கேட்காவிட்டால் இரண்டொருவர். அதற்கும் கேட்காவிட்டால் சபை. இந்த வரிசையை நாம் அப்படியே கவிழ்த்து வைத்திருக்கிறோம். முதலில் சபைக்குத் தெரியும், பிறகு இரண்டொருவருக்கு விவரம் தெரியும், கடைசியில்தான் சம்பந்தப்பட்டவன் காதுக்குப் போகும், அதுவும் வேறு யார் வாயாலோ. இந்தக் கவிழ்ப்புக்கு நம்மிடம் ஒரு பரிசுத்தமான கருவியே உண்டு, ஜெபக்குறிப்பு. “சொல்லக் கூடாது, ஜெபிக்கத்தான் சொல்றேன்…” என்று தொடங்கினால் அடுத்து வருவது என்ன என்று உனக்குத் தெரியும். ஒரு விதி வைத்துக்கொள்ளச் சொல்: ஆள் இல்லாத இடத்தில் அவர் பெயர் சொல்லி ஜெபக்குறிப்பு தர வேண்டுமானால், அவரிடம் முதலில் சம்மதம் கேட்டிருக்க வேண்டும். பாதிக் குறிப்புகள் நின்றுவிடும். இரண்டொருவர் என்பதையும் விளக்கு. அவர்கள் சாட்சிகள். நம் பக்கத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டு போவது சாட்சி ஆகாது. அவரும் நம்புகிற ஆளாக ஒருவராவது இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடு, இல்லாவிட்டால் இந்தப் பாடமே யாரையாவது நசுக்கும். வீட்டில் அடிவாங்குகிறவளிடம் “தனியாகப் போய்ப் பேசு, மன்னித்துவிடு” என்று இந்த வசனத்தை நீட்டக் கூடாது. பிள்ளைகளிடம் தப்பாக நடந்தவர் விஷயத்தில் சபைக்குள்ளேயே பேசி முடிப்பதும் கூடாது. அது போலீஸுக்குப் போக வேண்டிய விஷயம். இதே 18-ம் அதிகாரத்தின் 6-ம் வசனத்தில்தான், சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் எந்திரக்கல் கட்டிச் சமுத்திரத்தில் அமிழ்த்துவது நலம் என்று சொல்லியிருக்கிறது. 15-ம் வசனத்தை வாசிக்கிறவர்கள் 6-ஐத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். லூக்கா 17:3-லும் கடிந்துகொள்வது முதலில், அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னிப்பு அடுத்து. மனதில் பகையை இறக்கிவைப்பது வேறு, பழையபடி அதே வீட்டுக்குத் திரும்பிப் போவது வேறு.

மூன்றாம் வாரத்துக்கு யோவான் 13, இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய இடம். கதையாகச் சொல்லாதே, வினைச்சொற்களை மட்டும் வரிசையாக எழுது: எழுந்தார், வஸ்திரங்களைக் கழற்றிவைத்தார், சீலையை எடுத்தார், கட்டிக்கொண்டார், தண்ணீர் வார்த்தார், கழுவினார், துடைத்தார். ஏழும் அவரே. பெரிய வியாழன் ஆராதனையில் பார்: ஒருவர் செம்பு பிடிக்க, ஒருவர் துண்டு நீட்ட, ஏற்கனவே வீட்டில் சோப்புப் போட்டுக் கழுவிவந்த பன்னிரண்டு பேரின் கால்மேல் நாலு சொட்டுத் தண்ணீர். சடங்கைக் குறை சொல்லவில்லை. ஞாபகப்படுத்தவாவது அது வேண்டும். ஆனால் அந்த அறையில் யூதாசும் இருந்தான். அவன் எழுந்து வெளியே போவது 30-ம் வசனத்தில். கழுவி முடித்து வெகுநேரம் ஆன பிறகு. அவன் காலையும் துடைத்திருக்கிறார், தெரிந்தே. லூக்கா சொல்கிறபடி, தங்களில் எவன் பெரியவன் என்ற வாக்குவாதம் நடந்ததும் அதே இரவில்தான்.

இந்த வகுப்பில் நீ தைரியமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த அறையில் இறங்கியவர் ஆண்டவரும் போதகருமானவர். கீழே இருந்தவனைப் பார்த்து “இன்னும் கொஞ்சம் இறங்கு” என்று அவர் சொல்லவில்லை. நம் சபைகளில் தாழ்மைப் பிரசங்கம் யாரைப் பார்த்துப் பாய்கிறது என்று கவனி: கேள்வி கேட்ட வாலிபன், சம்பளம் கேட்ட ஊழியக்காரர், எதிர்த்துப் பேசிய மருமகள். பிலிப்பியர் 2-ம் அதே திசைதான். தேவனுடைய ரூபமாயிருந்தவர் அடிமையின் ரூபமெடுத்தார். ஆகவே நடைமுறை என்று வரும்போது பெயர்ப்பட்டியல் மேலிருந்து தொடங்கட்டும். கழிப்பறை கழுவுவது, நாற்காலி அடுக்குவது, விருந்து முடிந்து பாத்திரம் தேய்ப்பது, எல்லாவற்றுக்கும் முதல் வாரம் பாஸ்டரும் மூப்பர்களும் கமிட்டியும். இப்போது அதைச் செய்கிறவர்கள் யார் என்று பெயர் எழுதிப் பார்த்தால் எல்லா வாரமும் அதே நாலு பெண்கள் இருப்பார்கள். போட்டோ எடுக்கக் கூடாது. எடுத்தால், தர்மம் செய்யும்போது ஊதாதே என்று மத்தேயு 6:2-ல் சொன்ன எக்காளத்தை ஊதியாகிவிட்டது.

மைக்கில் “தூசியும் சாம்பலுமாகிய நான்” என்று தொடங்குகிறவர்களைப் பற்றி அதிகம் பேசாதே. ஒரே ஒரு சோதனை போதும்: அதையே பக்கத்தில் இருப்பவர் அவரைப் பற்றிச் சொன்னால் “ஆமாம்” என்பாரா?

கடைசி வாரம் நல்ல சமாரியன், வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிக் காப்பாற்றியவன் கதை. எல்லாருக்கும் மனப்பாடம்; அதனால் செலவுக்கணக்கை மட்டும் எடு. எண்ணெய், திராட்சரசம், கட்டுவதற்குத் துணி, தன் வாகனம் (ஆகவே அவன் நடந்திருப்பான்), சத்திரத்தில் ஒரு ராத்திரி, 2 பணம், அதாவது 2 நாள் கூலி, பிறகு திரும்பி வருவேன் என்ற வாக்கு. கடைசியில் உள்ளதுதான் விலை கூடியது. நாம் ஒரு தடவை கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். மறுபடி போய் என்ன ஆயிற்று என்று பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு வேண்டுமானால் 1 கொரிந்தியர் 13-க்குப் போ, ஒரே ஒரு சொல்லுக்காக. நம் வேதத்தில் “தீங்கு நினையாது” என்று இருக்கிறது. கிரேக்கத்தில் அது கணக்குப்பிள்ளையின் சொல்: தீங்கைப் பேரேட்டில் பற்று எழுதி வைக்காது. அங்கிருந்து மத்தேயு 18-ன் கடன்காரனிடம் போகலாம், ராஜா தன் கடனை மன்னித்தும் தனக்குக் கடன்பட்டவனை மன்னிக்காதவன். அவனுடைய கடன் 10,000 தாலந்து. ஒரு தாலந்து 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. ஆக 6 கோடி நாள் கூலி. ஜென்மம் பல எடுத்தாலும் தீராது. மற்றவன் அவனுக்குத் தர வேண்டியது 100 வெள்ளிப்பணம். இதை அற்பக்காசு என்று பிரசங்கிப்பார்கள். 100 நாள் கூலி அற்பமா? மூன்று மாதத்துக்கு மேல் ஒரு குடும்பத்தின் சாப்பாடு. உனக்கு நேர்ந்தது ஒன்றுமில்லை என்று இயேசு சொல்லவில்லை. அது நிஜமான நஷ்டம்தான் என்று வைத்துக்கொண்டே விடச் சொல்கிறார். மன்னிக்க முடியாமல் தவிக்கிறவர்களுக்கு இதைச் சொன்னால் மூச்சு வரும், சொல்லிப் பார்.

வகுப்பு முடியும்போது ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் கொடு. ஒரே ஒரு பெயர் எழுதச் சொல், தன்மேல் குறை உள்ள ஒருவர் பெயர். காகிதத்தை வாங்காதே, பார்க்காதே, யாரையும் எழுந்து சாட்சி சொல்லச் சொல்லாதே. அடுத்த ஞாயிறு ஆராதனையில் ஒன்றிரண்டு பேர் காணிக்கை நேரத்தில் எழுந்து வெளியே போனால் மட்டும் எனக்கு எழுது. நாற்காலி அடுக்க யார் நின்றார்கள் என்றும் எழுது.

வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல். முழங்காலுக்கு அந்தப் பயிற்சியை விட்டுவிடாதே.

உன் பழைய சிநேகிதன்