எல்லைக்குப் பெட்டி கட்டும் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கோபி, பொள்ளாச்சிப் பக்கம் சுதந்திர தினம், குடியரசு தினம் என்று வந்துவிட்டால் ராணுவ வீரர்களுக்குக் கடிதமும் பரிசுப் பெட்டியும் அனுப்புகிற பள்ளிகளுக்கும் சங்கங்களுக்கும் வாட்ஸ்அப் குழு அட்மின்களுக்கும் வணக்கமுங்க.

நீங்கள் செய்வது நல்ல காரியம். கைக்காசைப் போட்டு, ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து, முன்பின் தெரியாத ஒருத்தனுக்காக அட்டைப்பெட்டி கட்டுகிறீர்கள், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் பெட்டி போய்ச் சேருகிற இடத்தில் பல வருசம் இருந்தவன் நான். காலாட்படையில் கிளார்க், அதனால் யூனிட்டுக்கு வருகிற தபால் மூட்டை என் கையைத் தாண்டித்தான் மற்றவர்களுக்குப் போகும். பிரித்தது, பங்கு போட்டது, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்குப் படித்துக்காட்டியது எல்லாம் சேர்த்துச் சொல்கிறேன். பெட்டியைக் குறைத்துக் கடிதத்தைக் கூட்டுங்கள். அந்தக் கடிதத்தையும் 'மாவீரருக்கு' என்று எழுதாமல் ஒரு ஆளுக்கு எழுதுங்கள்.

லடாக்கில் இருந்தபோது நம்ம பக்கத்திலிருந்தே ஒரு பெட்டி வந்தது. முறுக்கு, தேங்காய் எண்ணெய், ஒரு கட்டு வாழ்த்து அட்டை. கீழே வெயிலில் ரயிலில் வரும்போதே எண்ணெய் கசிந்திருக்கிறது, மேலே வந்ததும் கல்லாக உறைந்து முறுக்கையும் அட்டையையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. கத்தியை விட்டு ஒவ்வொரு அட்டையாகப் பிரித்தோம். எல்லாவற்றிலும் ஒரே வாசகம், டீச்சர் போர்டில் எழுதிப்போட்டதைப் பிள்ளைகள் பார்த்து எழுதியது: நீங்கள் விழித்திருப்பதால் நாங்கள் உறங்குகிறோம். கையெழுத்து மட்டும்தான் வேறு வேறு. அதில் ஒரே ஒரு பிள்ளை, அட்டையின் பின்பக்கத்தில், டீச்சருக்குத் தெரியாமல் எழுதியிருக்கும் போல, பென்சிலில் இப்படி எழுதியிருந்தது: "எங்க எருமை போன வாரம் கன்னு போட்டுச்சு. கெடாக்கன்னு. அப்பாவுக்கு வருத்தம். அங்க பனியில நீங்க எப்படிக் குளிப்பீங்க?"

மற்ற அட்டையெல்லாம் என்ன ஆனது என்று எனக்கு நினைவில்லை. இந்த ஒன்று அந்தக் குளிர்காலம் முழுக்கக் கை மாறிக்கொண்டே இருந்தது. எங்கள் கம்பெனியில், அதாவது யூனிட்டின் ஒரு பிரிவில், ஆந்திராக்காரர், மலையாளி, கன்னடக்காரர் எல்லாரும் உண்டு, அவர்களுக்கு நான் இந்தியில் சொல்லிக் காட்டினேன். குண்டூர்ப் பக்கத்து நாயக் (ஹவில்தாருக்குக் கீழ்ப் பதவி) ஒருவர், 'நாங்கள் குளிப்பதே இல்லை என்று எழுது' என்றார். கெடாக்கன்றுக்கு ஏன் வருத்தம் என்று யாருக்கும் விளக்கவேண்டி வரவில்லை, பாதிப் பேர் எருமை வளர்த்த வீட்டுப் பிள்ளைகள். சரி, பதில் எழுதலாம் என்று பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். உபயம் செய்த கடையின் பெயர் நாலு பக்கமும் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது. பள்ளியின் பெயரோ முகவரியோ எங்கேயும் இல்லை.

இப்போது உங்களிடம் நான் கேட்பதெல்லாம் அந்தப் பென்சில் எழுத்தைத்தான்.

நம்ம பக்கம் இந்த 'எல்லைச்சாமி' பேச்சு அதிகமாக இருப்பதற்குக் காரணம், படையில் இருக்கிற ஆட்களோடு நமக்குப் பழக்கம் குறைவு. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டையில் போய்ப் பாருங்கள், வீட்டுக்கு வீடு ஆள் படைக்குப் போன ஊர், அங்கே யாரும் படைக்குப் போனவனைச் சாமியாக்குவதில்லை, லீவில் வந்தால் கடைக்குப் போய்ச் சர்க்கரை வாங்கிட்டு வாடா என்பார்கள். நமக்கோ உடுமலை அமராவதி நகரில் 1962-லிருந்து சைனிக் பள்ளி இருக்கிறது, சூலூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறினால் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமே இருக்கிறது, 1758-இல் தொடங்கிய ரெஜிமெண்ட். இவ்வளவு இருந்தும் சிப்பாய் என்றால் நமக்குத் திரையில் பார்த்த ஆள்தான். அதனால்தான் கடிதமும் வசனம் மாதிரி வருகிறது. பனியில் ஆறு மாசமாக ஒரே அஞ்சாறு முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தன்னை யாராவது புகழவேண்டும் என்று தோன்றாதுங்க. ஊரில் என்ன நடக்கிறது என்றுதான் இருக்கும்.

ஆகவே ஊர்ச்சேதி எழுதுங்கள். கீழ்பவானி வாய்க்காலில் தண்ணி விட்டாச்சா, பவானிசாகரில் எத்தனை அடி, மஞ்சள் என்ன விலைக்குப் போகிறது, இந்த வருசம் அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை எப்படி வந்தது, பண்ணாரியில் குண்டம் இறங்க எவ்வளவு நேரம் வரிசையில் நின்றீர்கள், எந்த டவுன் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். படிக்கிறவன் நம்ம ஊர்க்காரனாக இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே ஊருக்கு வந்து போவான், வேறு மாநிலத்துக்காரனாக இருந்தால் பக்கத்துப் பதுங்குகுழியில் இருக்கிற தமிழனைக் கூப்பிட்டு அர்த்தம் கேட்பான், அதிலேயே ஒரு மணி நேரம் பேச்சு ஓடும். பிள்ளைகள் எழுதினால் எழுத்துப்பிழையைத் திருத்தாதீர்கள். கேள்வி கேட்டால் தடுக்காதீர்கள். 50 பைசாப் போஸ்ட் கார்டும் ரெண்டரை ரூபாய் இன்லேண்டும் பார்த்தே இராத பிள்ளைகள் இருக்கிறார்கள், அதையே வாங்கிக் கொடுத்து எழுதச் சொல்லலாம், அப்புறம் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு அனுப்புங்கள், ஒரு வகுப்புக்கு ஒரு கவர் போதும்.

முகவரி எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். உங்கள் ஊரிலேயே தொடங்குங்கள். ஊருக்கு ஒருத்தனாவது ஏதாவது ஒரு படையில் இருப்பான், அவன் அம்மாவுக்கு ரேஷன் கார்டு நம்பர் தெரியாவிட்டாலும் மகனின் ஆர்மி நம்பர் தெரியும். அந்த நம்பர், பதவி, பெயர், கம்பெனி, யூனிட், கடைசியில் 56 ஏபிஓ அல்லது 99 ஏபிஓ (ஏபிஓ என்றால் ராணுவ அஞ்சலகம்), 9-இல் தொடங்கும் பின்கோடு, அவ்வளவுதான் முகவரி. 56 என்றால் டெல்லி வழி, 99 என்றால் கொல்கத்தா வழி. அங்கிருந்து ஆள் எந்த மலையில் இருக்கிறான் என்பது ராணுவ அஞ்சல் பிரிவுக்குத் தெரியும், நம்ம போஸ்ட்மாஸ்டருக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. அதனால் 'லடாக்', 'சியாச்சின்' என்று ஊர்ப்பெயரைக் கவர்மேல் எழுதாதீர்கள். ஆள் யாருமே கிடைக்கவில்லை என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள், டிசம்பர் 7 கொடி நாளுக்கு உண்டியல் கொடுக்கிற அதே ஆபீஸ்தான்.

பேர் தெரிந்த ஒருவனுக்கு அனுப்பினால் மற்றவன் ஏங்கமாட்டானா என்று ஒரு டீச்சர் கேட்டார். நல்ல கேள்வி. அமெரிக்காவில் 2003-இல் இராக்குக்குப் போன ஒரு வீரரின் பெற்றோர் 'எனி சோல்ஜர்' என்று ஓர் ஏற்பாடு தொடங்கினார்கள். மகனோடு இருந்தவர்களில் சிலருக்கு வீட்டிலிருந்து ஒன்றுமே வருவதில்லை என்று தெரிந்துதான் அது ஆரம்பித்தது. படையில் இருக்கிற ஒருவர் தன் பெயரைக் கொடுப்பார், பெட்டி அவர் பெயருக்கு வரும், அதில் 'எனி சோல்ஜர்' என்று எழுதியிருந்தால் தபால் வராதவனுக்கு முதலில் கொடுப்பார். என்ன வேண்டும் என்பதையும் அவர்களே எழுதிப் போடுவார்கள். நம்ம ஊர்ப் பையன் ஒருவன் பெயருக்கு அனுப்பி, 'உன் கூட இருக்கிறவர்களுக்கும் சேர்த்து' என்று எழுதினால் அதே கதைதான். எந்த யூனிட்டிலும் தபாலே வராத ஆள் உண்டு. தபால் மூட்டை பிரிக்கும்போது அவன் வேறு ஏதோ வேலை இருப்பதுபோல நகர்ந்துவிடுவான்.

போட்டோ விசயம் ஒன்று இருக்கிறது, கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். பெட்டிகளை அடுக்கிவைத்து, முகவரி தெரிகிற மாதிரி படம் எடுத்து, பேஸ்புக்கில் போடாதீர்கள். 2020 ஜூலையில் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்களை போனிலிருந்து எடுத்துவிடச் சொல்லி ராணுவம் தன் ஆட்களுக்கே உத்தரவு போட்டது. பொழுதுபோகாமல் போட்ட உத்தரவில்லை அது. பெண் பெயரில் சிநேகம் பிடித்துச் சேதி கறக்கிற வேலை நிஜமாகவே நடக்கிறது. அதனால் கடிதத்தில் சொந்த போன் நம்பர், இன்ஸ்டா பெயர் எதுவும் வேண்டாம், பதில் முகவரியாகப் பள்ளியின் முகவரியையோ சங்கத்தின் முகவரியையோ தெளிவாக எழுதுங்கள். யூனிட்டில் அதிகாரி பிரித்துப் பார்க்கலாம். பார்க்கட்டும், எருமைக் கன்றில் ரகசியம் என்ன இருக்கிறது.

இனி பெட்டிக்கு வருகிறேன், அனுப்பியே தீருவேன் என்கிறவர்களுக்காக. 1914 கிறிஸ்துமஸுக்கு இங்கிலாந்தில் இளவரசி மேரி பெயரில் நிதி திரட்டிப் போர்முனையில் இருந்தவர்களுக்குப் பித்தளை டப்பா அனுப்பினார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் புகையிலை, சிகரெட். சீக்கியர்கள் புகை தொடமாட்டார்கள் என்று அவர்களுக்குக் கற்கண்டும் மசாலாவும். நம்மை ஆண்ட வெள்ளைக்காரனே இதை யோசித்திருக்கிறான், நாம் யோசிக்கவேண்டாமா?

திருப்பூர் நண்பர்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. சியாச்சினுக்கு பனியனும் பருத்தி சாக்ஸும் மூட்டையாக அனுப்புகிறீர்கள். பருத்தி வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும், அந்த ஈரம் காலோடு இருந்தால் பனிக்கடி, விரல் கறுத்து அதை எடுத்துவிட வேண்டி வரும். 1984 ஏப்ரலில் இருந்து நம்ம ஆட்கள் அந்தப் பனியில் இருக்கிறார்கள், குண்டு பட்டுச் செத்தவனைவிடக் குளிரிலும் பனிச்சரிவிலும் போனவன்தான் அதிகம். அங்கே போடவேண்டிய உடுப்பை ராணுவமே கொடுக்கிறது. அதே பனியனை ராஜஸ்தான் எல்லைக்கு அனுப்புங்கள், சத்தீஸ்கர் காட்டில் பஸ்தர் பக்கம் இருக்கிற சி.ஆர்.பி.எஃப். (மத்திய ரிசர்வ் போலீஸ் படை) முகாமுக்கு அனுப்புங்கள், வியர்வையில் நாளைக்கு ரெண்டு தடவை மாற்றுகிறவன் உங்களை மறக்கமாட்டான். நம்ம துடியலூர்ப் பக்கம் குருடம்பாளையத்திலேயே சி.ஆர்.பி.எஃப். பயிற்சிக் கல்லூரி இருக்கிறது, இருந்தும் பெட்டி கட்டும்போது அவர்கள் ஞாபகம் யாருக்கும் வருவதில்லை. உள்துறையின் கீழ் இருப்பதால் அவர்கள் முகவரி வேறு மாதிரி இருக்கலாம், வீட்டாரிடம் கேட்டு எழுதவேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

தின்பண்டம் என்றால் எண்ணெயில் சுட்டது வேண்டாம், போய்ச் சேருவதற்குள் சிக்கு வாடை அடித்துவிடும். கடலை உருண்டை, எள்ளுருண்டை தாங்கும். பருப்புப்பொடி, கொள்ளுப்பொடி வந்தால் மெஸ்ஸில் சண்டையே நடக்கும். ஆனால் முன்பின் தெரியாத வீட்டில் செய்ததைக் கொடுக்க யூனிட்டில் தயங்குவார்கள், அது நியாயமும்கூட. அதனால் சீல் போட்ட பாக்கெட்டாக அனுப்புங்கள், அல்லது அந்தப் பையனின் அம்மாவையே செய்யச் சொல்லி நீங்கள் பார்சல் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். வயசான அம்மாவுக்கு அட்டைப்பெட்டி தேடி, துணி சுற்றித் தைத்து, போஸ்ட் ஆபீசில் வரிசையில் நிற்பதுதான் கஷ்டம், உருண்டை பிடிப்பதில்லை. லைட்டர், ஸ்ப்ரே சென்ட், பவர் பேங்க் எதுவும் வைக்காதீர்கள், விமானத்தில் ஏற்றமாட்டார்கள். வெடித்த உதட்டுக்குத் தடவ வாசலின், ஊசி நூல், நகவெட்டி, சீட்டுக்கட்டு, பழைய வார இதழ்கள். போன வருசத்துத் தீபாவளி மலராக இருந்தாலும் பரவாயில்லை, அட்டை கிழிந்து தொங்கும்வரை படிப்பார்கள்.

கடைசியாகத் தேதி. எல்லாரும் ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும்தான் அனுப்புகிறீர்கள். குளிர்காலத்தில் லடாக் போகிற வழியில் இருக்கிற ஜோஜிலா கணவாயைப் பனி மூடிவிடும், அப்போது லே நகருக்கு விமானத்தில்தான் போகவேண்டும், அங்கிருந்து முன்னால் இருக்கிற காவல் முகாமுக்கு ஹெலிகாப்டர். அதில் முதலில் மண்ணெண்ணெயும் ரேஷனும் மருந்தும் ஏறும், இடம் இருந்து வானமும் தெளிந்தால் தபால். பொங்கல் வாழ்த்து எங்களுக்கு மாசியில் வந்திருக்கிறது. வடக்கே போகிற பெட்டியை ஐப்பசிக்குள் போஸ்ட் ஆபீசில் சேர்த்துவிடுங்கள், கடிதத்தை வருசம் பூராவும் எழுதுங்கள், முக்கியமாக எந்தத் தேசிய விழாவும் இல்லாத பங்குனியில்.

இந்த வருசம் கோபி வட்டாரத்தில் யாராவது பெட்டி கட்டுவதாக இருந்தால் முகவரி எழுதிக்கொடுக்க, பெட்டியில் வைத்ததைச் சரிபார்க்க நான் வருகிறேன். டீக்கூட வேண்டாம். கவரின் பின்பக்கம் உங்கள் பள்ளிப் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறீர்களா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் ஹவில்தார்,
கோபிசெட்டிபாளையம் பக்கம்