சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் செலவு யாருடையது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளுடன் வணிக ஒப்பந்தம் கையெழுத்தாகும்போதெல்லாம், திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி எவ்வளவு உயரும் என்ற கணக்கு நாளிதழ்களில் வெளிவருகிறது. அந்த ஏற்றுமதியால் நொய்யல் ஆறு இழந்ததும் அதே கணக்கில் இடம்பெற வேண்டும் என்பதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

ஒரு நாடு வளரத் தொடங்கும்போது மாசு கூடும் என்றும், வருமானம் ஒரு மட்டத்தைத் தாண்டிய பிறகு அது குறையும் என்றும் 1990களில் பொருளாதார அறிஞர்கள் சிலர் எழுதினர். முதலில் வளர்வோம், சுத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று எண்ணுகிற வளரும் நாடுகளின் ஆட்சியாளர்களுக்கு இது வசதியான வாதமாகிவிட்டது. நொய்யலில் நடந்தது அப்படியல்ல.

பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பைத் துணி ஏற்பதில்லை. சாயமிட்ட நீரோடு அவ்வளவும் வெளியேறிவிடுகிறது. தண்ணீரின் நிறத்தைச் சாதாரணச் சுத்திகரிப்பால் நீக்கலாம், கரைந்த உப்பை நீக்க முடியாது. தொடக்ககாலப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருந்தும் ஆறு உப்பேறியதற்கு இதுவே காரணம். பாசனத்திற்காக 1992இல் கட்டிமுடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாக மாறியது. அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று அந்த அணையை நம்பியிருந்த ஆயக்கட்டு விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. இதைவிடக் கொடுமையான ஒரு கோரிக்கையை விவசாயி வைக்க முடியுமா என்று தெரியவில்லை.

இந்நிலையை மாற்றியது வருமானமல்ல. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்திருந்தது. நொய்யல் ஆயக்கட்டுதாரர்களும் நீதிமன்றம் சென்றனர். சொட்டுக் கழிவுநீரும் ஆற்றில் விடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006இல் ஆணையிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அப்போது ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கோடி ரூபாயை எட்டியிருந்தும் ஆணை முழுமையாக நிறைவேறவில்லை. கடைசியில் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே, உப்பைப் பிரித்துத் தண்ணீரை மறுபடியும் பயன்படுத்தும் முறை முழுவீச்சில் நடைமுறைக்கு வந்தது. ஏற்றுமதி இன்று முப்பதாயிரம் கோடியைத் தாண்டியிருக்கிறது என்பதால், சுற்றுச்சூழல் விதிகள் தொழிலை அழித்துவிடும் என்ற அச்சத்திற்கும் இதில் பதில் இருக்கிறது.

ஆனால் அந்தச் சுத்திகரிப்புச் செலவின் சுமையில் பெரும்பகுதி சாயப்பட்டறைகள் மீதே விழுந்திருக்கிறது. கழிவுநீரை ஆவியாக்க எரிபொருளும் மின்சாரமும் பெருமளவில் தேவைப்படுகின்றன. இறுதியில் மிஞ்சும் கலவை உப்பை என்ன செய்வதென்று இன்னும் தெளிவான வழியில்லாமல் அது கிடங்குகளில் குவிகிறது. இத்தனைக்கும் வெளிநாட்டுக் கொள்முதலாளர் ஆடைக்கு நிர்ணயிக்கும் விலையில் இதற்கென்று தனியாக எதுவும் இல்லை. இதே ஆடை வேறொரு நாட்டில் மலிவாகக் கிடைத்தால் ஆர்டர் அங்கே போய்விடும். அமெரிக்கா 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி விதித்ததுபோன்ற நெருக்கடி வரும்போது, விலையைக் குறைக்கும் அழுத்தம் கடைசியில் சுத்திகரிப்புச் செலவின் மேல்தான் இறங்கும் என்பது என் கவலை. அனுமதியின்றி இரவில் கழிவைத் திறந்துவிடும் பட்டறைகள் பற்றிய செய்திகள் காவிரிக் கரையோரப் பகுதிகளிலிருந்தும் வந்தவண்ணம் இருக்கின்றன.

எனவே, வணிக ஒப்பந்தங்களைப் பேசும்போது, சுத்திகரிப்புச் செலவைக் கொள்முதல் விலையில் தனி இனமாகச் சேர்க்க வேண்டும் என்று மத்திய அரசு வலியுறுத்த வேண்டும். கலவை உப்பைப் பாதுகாப்பாக அகற்றும் பொறுப்பை மாநில அரசு ஏற்க வேண்டும். நொய்யல் நீரில் கரைந்துள்ள உப்பின் அளவை, ஆறு திருப்பூரை அடைவதற்கு முன்னும் தாண்டிய பின்னும் ஒரத்துப்பாளையத்திலும் எடுத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மாதந்தோறும் நாளிதழ்களில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
நொய்யல் பாசனப் பகுதி வாசகர்,
காங்கயம்.