ஸ்காட் கோபுரமும் அதைக் கட்டிய தச்சரும்

அன்புள்ள சாந்தி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் முடிவானதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். தை மாதம் என்றால் நான் கட்டாயம் ஊரில் இருப்பேன், முகூர்த்தப் புடவை எடுக்கப் போகும்போது என்னை விட்டுவிட்டுப் போய்விடாதே. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்தபிறகுதான் நிம்மதி. அவர்களிடம் நான் கேட்டதாகச் சொல்.

போன கடிதத்தில் ஒன்று கேட்டிருந்தாய், எழுத்தாளனுக்குச் சிலையும் மண்டபமும் எதற்கு, அவன் எழுதினதைப் படித்தால் போதாதா என்று. நானும் இத்தனை நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இங்கே எடின்பரோவில் மகன் வீட்டுக்கு வந்தபிறகு ஸ்காட் கோபுரத்தில் ஏறிப் பார்த்தேன், அதிலிருந்து அந்தக் கேள்வியே மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. பி.யூ.சி.யில் நமக்குத் துணைப்பாடமாக வைத்திருந்தார்களே ஐவன்ஹோ நாவல், அதை எழுதின அதே வால்டர் ஸ்காட்தான்.

பிரின்சஸ் தெரு என்பது இந்த ஊரின் பெரிய கடைத்தெரு. ஒரு பக்கம் முழுக்கக் கடைகள், எதிர்ப்பக்கம் பள்ளத்தில் இறங்கும் பூங்கா, அதற்கு அப்பால் பாறைமேல் கோட்டை. அந்தப் பூங்காவின் ஓரத்தில் 61 மீட்டர் உயரத்துக்குக் கரிய கல்லில் ஒரு கோதிக் கோபுரம் நிற்கிறது. தேவாலயத்தின் உச்சிக் கூம்பு மாதிரி இருக்கும், ஆனால் கீழே தேவாலயம் கிடையாது, நான்கு பக்கமும் திறந்த வளைவுகள், நடுவில் வெள்ளைப் பளிங்கில் ஸ்காட் உட்கார்ந்திருக்கிறார், காலடியில் அவருடைய வேட்டைநாய் மெய்டா. அத்தனை கறுப்புக்கு நடுவே அந்த வெள்ளையைப் பார்த்ததும் நான் அப்படியே நின்றுவிட்டேன். எழுத்தாளர்களுக்காகக் கட்டிய நினைவுச்சின்னங்களில் கியூபாவின் ஹவானாவில் கவிஞர் ஹொசே மார்த்திக்கு இருப்பதற்கு அடுத்தபடியாகப் பெரியது இதுதானாம்.

கல் ஏன் இப்படிக் கறுத்தது என்று மகனிடம் கேட்டேன். பின்னி என்ற சுரங்கத்து மணற்கல், அதில் இயற்கையிலேயே எண்ணெய்ப் பசை உண்டு. அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு, பக்கத்திலேயே ரயில், எல்லாப் புகையும் வந்து ஒட்டிக்கொண்டது. 1990களில் கழுவிச் சுத்தம் செய்யலாமா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், கழுவினால் கல்லே கெட்டுவிடும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டு, உடைந்த இடங்களை மட்டும் பழைய சுரங்கத்தையே மறுபடி திறந்து அதே கல்லால் சரிசெய்தார்கள். கறுப்புக்கு நடுவே அங்கங்கே வெளிறிய துண்டுகள் தெரிகின்றன. வேறு கல்லை வைத்து ஒப்பேற்றாமல் அதே கல்லைத் தேடிப் போனார்கள் பார், அந்த அக்கறை எனக்கு ரொம்பப் பிடித்தது.

மேலே போக 287 படிகள். சுழல்படி, ஏற ஏறக் குறுகிக்கொண்டே போகிறது. முதல் தளத்தில் வண்ணக் கண்ணாடி ஜன்னல்களோடு ஒரு சின்ன அறை, அங்கே ஸ்காட்டின் வாழ்க்கையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள், நான் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டதும் அங்கேதான். அதற்கு மேலே இரண்டு தோளும் சுவரில் உரசுகிற அளவுக்கு இடுக்கு. வெளிச்சுவர் மாடங்களில் அவர் படைத்த பாத்திரங்கள் சிலையாக நிற்கிறார்கள், வேவர்லி நாவலில் வரும் இளவரசர் சார்லஸ், மெக் மெரிலிஸ், ஏரி நாயகி என்று அறுபதுக்கும் மேல். படித்த கதையின் ஆட்களை இப்படிக் காற்றிலும் மழையிலும் கல்லாகப் பார்ப்பது எனக்கு இதுதான் முதல் முறை. உச்சியில் காற்று காதைப் பிய்த்தது. ஒரு பக்கம் கோட்டை, இன்னொரு பக்கம் ஆர்தர்ஸ் சீட் குன்று, வடக்கே ஃபோர்த் கழிமுகத்துத் தண்ணீர். நேர் கீழே ரயில் நிலையம், அதன் பெயரே அவருடைய முதல் நாவலின் பெயர்தான், வேவர்லி. பக்கத்து ஓட்டலின் மணிக்கூண்டில் கடிகாரத்தை மூன்று நிமிடம் கூட்டியே வைத்திருக்கிறார்கள், ரயிலைத் தவறவிடாமல் இருக்க. அதுவும் அங்கிருந்து பக்கத்தில் தெரிந்தது.

ஆனால் சாந்தி, நான் உனக்குச் சொல்ல வந்தது இதைக் கட்டிய மனிதரைப் பற்றி. ஜார்ஜ் மெய்க்கிள் கெம்ப் என்று பெயர். ஆடு மேய்ப்பவரின் மகன், தச்சு வேலை பழகியவர், கட்டடக் கலையை எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை. பத்து வயதில் ராஸ்லின் தேவாலயத்தைப் பார்த்து மயங்கினவர், பெரியவரானதும் பழைய தேவாலயங்களைத் தேடித்தேடி நடந்தே போய் வரைந்து வரைந்து பழகியிருக்கிறார். இளம் வயதில் வேலை தேடி நடந்து போனபோது ஒரு வண்டி நின்று அவரை ஏற்றிக்கொண்டதாம், வண்டிக்காரர் யாரென்று பார்த்தால் ஸ்காட் என்று ஒரு கதை சொல்கிறார்கள். ஸ்காட் 1832இல் இறந்தபிறகு நினைவுச்சின்னத்துக்குப் போட்டி வைத்தார்கள். தன் பெயரில் அனுப்பினால் யார் மதிப்பார்கள் என்று தோன்றியிருக்குமோ என்னவோ, ஜான் மார்வோ என்று மெல்ரோஸ் மடாலயத்தோடு சேர்ந்த பழங்காலக் கொத்தனார் ஒருவரின் பெயரில் அனுப்பினார். கடைசியில் அவருடைய வரைபடமே தேர்வானது.

1840 ஆகஸ்ட் 15, ஸ்காட்டின் பிறந்தநாளில் அடிக்கல் வைத்தார்கள். பொதுமக்கள் கொடுத்த பணத்தில் வேலை நடந்தது. 1844 மார்ச்சில், கோபுரம் முடிகிற தறுவாயில், வேலை முடிந்து இரவில் வீட்டுக்குப் போகிற வழியில் கெம்ப் கால்வாயில் விழுந்து இறந்துபோனார். அந்த ஆண்டே உச்சிக் கல்லை வைத்தது அவருடைய மகன். 1846இல் திறந்தபோது பார்க்க அவர் இல்லை. கோபுரத்தின் அடியிலேயே அவரைப் புதைப்பதாக இருந்து, கடைசி நேரத்தில் மாற்றி, பூங்காவின் மேற்குக் கோடியில் இருக்கிற செயின்ட் கத்பர்ட் தேவாலயக் கல்லறையில் புதைத்துவிட்டார்கள். மேலே நின்று அந்தப் பக்கம் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவரைக் கோபுரத்தடியிலேயே வைத்திருக்க வேண்டும், என் மனதுக்கு அதுதான் நியாயம்.

ஸ்காட்டின் கதையும் லேசானதில்லை. 1826இல் அவருடைய பதிப்பாளரும் அச்சகமும் நொடித்துப்போக, ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கடன் அவர் தலையில் விழுந்தது. திவாலாகிவிட்டேன் என்று அறிவித்துவிட்டுப் போயிருக்கலாம், உதவ ஆட்களும் இருந்தார்கள். அவர் எழுதியே அடைக்கிறேன் என்று உட்கார்ந்து, உடம்பு விழும்வரை எழுதினார். மீதிக் கடனும் அவர் இறந்தபிறகு அவருடைய புத்தகங்களின் வருமானத்தால் அடைந்தது. அதே 1826இல்தான் ஸ்காட்லாந்து வங்கிகள் சிறிய தொகை நோட்டுகளை அச்சடிப்பதை நிறுத்த லண்டன் அரசு முயன்றது, அவர் புனைபெயரில் பத்திரிகையில் கடிதம் எழுதி எதிர்த்தார், அரசு பின்வாங்கியது. பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து நோட்டுகளில் அவர் முகம் இருப்பது அதனால்தான்.

அதனால் உன் கேள்விக்கு என் பதில் இதுதான். இப்போது இங்கேயும் ஸ்காட்டை அதிகம் பேர் படிப்பதில்லை, மகனின் நண்பர்களைக் கேட்டேன், ஒருவர்கூட ஒரு நாவலை முழுசாகப் படித்ததில்லை. ஆனாலும் கோபுரம் அங்கே நிற்பதால்தான் என்னைப் போல ஒருத்தி வந்து, யார் இவர், யார் இதைக் கட்டினது என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறாள், திரும்பி வந்து நூலகத்தில் வேவர்லியை எடுத்து வைத்துக்கொள்கிறாள். முதல் சில அத்தியாயங்கள் மெதுவாகத்தான் போகின்றன, இளவரசர் வந்தபிறகு வேகம் பிடிக்கும் என்று மருமகள் சொல்கிறாள், பார்க்கலாம்.

உன் முழங்காலுக்கு அந்த முதல் தளத்து அறையே போதும், அதற்கு மேல் ஏற வேண்டாம். கல்யாண வேலை முடிந்ததும் நீங்கள் இரண்டு பேரும் இங்கே ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள், மே மாதம் என்றால் குளிர் அவ்வளவு தெரியாது. அப்புறம், மண்டபம் எது என்று எழுதவே இல்லையே, சீக்கிரம் எழுது, நான் டிக்கெட் போட வேண்டும்.

அன்புடன்,
வசந்தா