கல்லடியிலிருந்து மச்சாளுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சாள்,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. உன் பெரியவளின் ஏ.எல். பரீட்சை முடிவு கேள்விப்பட்டு எல்லோருக்கும் பெரிய சந்தோசம். இத்தனை மாதம் எழுதாததற்கு ஏசாதே. இன்றைக்கு இந்த விசயத்தை உனக்குச் சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது.

எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் திரும்பவும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறார்கள்! தனித்தனியாக இல்லை, கூட்டமாக. ஆறரை மணிக்குப் பிள்ளையார் கோயிலடியில் சேருவார்கள். முன்னுக்கு ஒரு தாய், கடைசியில் ஒரு தாய், சின்னதுகள் நடுவில். சந்தி வந்தால் முன்னுக்குப் போகிறவர் இறங்கிக் கையை நீட்டி மறிப்பார், முழுப்பேரும் கடக்கும்வரை பின்னுக்கு நிற்கிறவர் அசையமாட்டார். பத்துப் பதினைந்து மணிகள் ஒன்றாக அடிக்கிறதைக் கேட்டால் உனக்கும் ஓடிவரத் தோன்றும். மூலைவீட்டு மாமி முதல் வாரம், "பொம்பிளைப் பிள்ளைகளை இப்படிச் சைக்கிளில் அனுப்பினால் சனம் என்ன சொல்லும்" என்றார். இப்போது அவருடைய பேத்திதான் எல்லோருக்கும் முதல் வந்து நிற்கிறாள். மாமி எப்படியென்று உனக்குத் தெரியாதா!

நீ யாழ்ப்பாணத்துக்குப் போய் இருந்துகொண்டு "சைக்கிளென்றால் எங்கட ஊர்தான்" என்று கதை விடுவாய். சரி, விடு. ஆனால் நம்ம ஊரும் மேடு பள்ளம் இல்லாத மண்தான். கல்லடியிலிருந்து காத்தான்குடி நாலைந்து கிலோமீற்றர் வரும். ஆறுதலாக மிதித்தாலும் இருபது, இருபத்தைந்து நிமிசம். அதற்கும் ஸ்கூட்டி, பாண் வாங்கவும் ஸ்கூட்டி என்று ஆகிவிட்டது.

2022 ஞாபகம் இருக்கிறதா? பெற்றோலுக்கு இரவிரவாக வரிசை, பிறகு கியூ.ஆர். அட்டை. அந்த நேரம் வங்கி அதிகாரி, மீன்காரர், டொக்டர் எல்லோரும் சைக்கிளில் போனார்கள். கடைகளில் சைக்கிள் விலை கிடுகிடென்று ஏறியது, ரயர் வாங்குவதற்கே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. பெற்றோல் தாராளமாக வந்ததும் எல்லாச் சைக்கிளும் கோழிக்கூட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டன. சனத்துக்குச் சோம்பல் என்று பலர் சொல்வார்கள். நான் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அந்த மாதங்களில் வீதியில் வாகனம் இல்லை, பயமும் இல்லை. அதனால்தான் சனம் இறங்கியது. வாகனம் திரும்பி வந்ததும் பயமும் திரும்பி வந்தது.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில், கல்முனை என்று வருகிற ஏ-4 வீதி நம்ம ஊருக்குள்ளால்தானே போகிறது. தூரப் பஸ், நெல் லொறி, டியூசனுக்கு நேரமாகிவிட்டதென்று பறக்கிற மோட்டார் சைக்கிள், எல்லாம் அந்த ஒரே தாரில். நாம் படிக்கிற காலத்தில் வாவியைக் கடக்கப் பழைய கல்லடிப் பாலம் மட்டும்தான். 1924இல் திறந்தது, ஒற்றை வழி. எதிரே பஸ் வந்தால் நீயும் நானும் இரும்புக் கிராதியோடு ஒட்டிக்கொண்டு நின்றோம், நீ பயத்தில் தேவாரம் சொல்வாய். ஆனால் அந்த ஒடுக்கத்துக்குள் ஒருவராலும் வேகமாக ஓட முடியவில்லை. 2013இல் புதுப் பாலம் திறந்தார்கள். நல்ல பாலம், அகலமான பாலம், அதனாலேயே வாகனம் பறக்கிறது. கச்சான் காற்று வீசுகிற நாளில் பாலத்தில் ஏறினால் ஹேண்டிலை ஆரோ பிடித்து இழுக்கிற மாதிரி இருக்கும். பிள்ளை ஒரு முழம் விலகினால் போதும், வாகனத்துக்கு முன்னால்தான்.

போன வருசம் பின்வளவுப் பொடியன் ஒருவன் டியூசன் விட்டு வரும்போது வான் ஒன்று தட்டிவிட்டுப் போய்விட்டது. இருட்டு, சைக்கிளில் லைற் இல்லை, வீதி விளக்கும் எரியவில்லை. உயிர் தப்பினான், ஆனால் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. அவனுடைய தாய் ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து, "இனி என் பிள்ளை சைக்கிள் தொடமாட்டான்" என்று சொன்னபோது எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்தத் தாய்தான் இன்றைக்குப் பின்னுக்கு வருகிறவர்.

அதனால்தான் மச்சாள், ஆரோக்கியம், சுற்றுச்சூழல் என்று ஆரும் மேடையில் பேசினால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. ஜூன் 3 உலக சைக்கிள் தினம், 2018இல் ஐ.நா. அறிவித்தது. ரீசேட் போட்டு ஊர்வலம் போகட்டும், நானும் போவேன். ஆனால் ஜூன் 4 காலையில் அதே பிள்ளை எந்த வழியால் பள்ளிக்கூடம் போவது? அதைத்தான் கேட்கிறோம். பிரதான வீதிக்குப் பின்னால் கடற்கரைப் பக்கமும் வாவிப் பக்கமும் உள்வீதிகள் எவ்வளவு இருக்கின்றன! ஒன்று மதிலில் முட்டி நிற்கும், ஒன்று மணலில் போய் முடியும். அவற்றைத் தொடுத்துவிட்டால் போதும், புதிதாக ஒன்றும் வெட்டத் தேவையில்லை. பிறகு நிழல். காத்தான்குடி வீதி நடுவில் பேரீச்சை நிற்கிறது, பார்க்க வடிவு, ஆனால் பகல் ஒரு மணிக்குப் பள்ளி விட்டு வருகிற பிள்ளைக்கு வேம்பும் வாகையும்தான் வேண்டும். சபைக்குக் கடிதம் கொடுத்திருக்கிறோம். நெட்டை சேர்தான் எழுதித் தந்தார், கையெழுத்து இன்னும் முத்து முத்தாகத்தான் இருக்கிறது.

இன்னொரு சந்தோசம் சொல்ல வேண்டும். சந்தியில் சைக்கிள் கடை வைத்திருந்த ஐயா கடையை மூடுகிற யோசனையில் இருந்தார். இப்போது சனிக்கிழமைகளில் பிள்ளைகள் அவரைச் சுற்றிக் குந்தியிருக்கிறார்கள். ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தை ஈர்க்குக் குச்சியால் குறித்து, அரத்தாளால் உரஞ்சி, சொலூசன் பூசி, "பொறு, காயட்டும், அவசரப்பட்டால் நாளைக்குத் திரும்பவும் வருவாய்" என்கிறார். என் மகளுக்கு வால்ரியூப் மாற்றத் தெரியும் இப்போது. கடற்காற்றுக்குச் செயின் ஒரு கிழமையில் துருப்பிடிக்கும், துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடு என்று எனக்கே புத்தி சொல்கிறாள்.

ஞாயிறு விடியலில் பெரியவர்களும் போகிறோம். போன முறை மண்முனைப் பாலத்தால் வாவிக்கு மேற்கே படுவான்கரைக்கு இறங்கினோம். 2014க்கு முன் அங்கே பாதையில்தான், அந்த மிதவைப் படகில்தான், கடக்க வேண்டும், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றது நினைவிருக்கும். கொக்கட்டிச்சோலையில் தான்தோன்றீஸ்வரரைக் கும்பிட்டு, வயல்வெளிகளால் வவுணதீவுக்கு ஏறி, வலையிறவுப் பாலத்தால் நகரத்துக்கு வந்தோம். வரம்பில் கொக்கு, வாய்க்காலில் எருமை, வழியில் ஒரு வீட்டில் மோர் தந்தார்கள். அடுத்தது குருமண்வெளிப் பாதையில் சைக்கிளை ஏற்றி மண்டூர் முருகனிடம் போக எண்ணம். நீ மாமாங்கத் தீர்த்தத்துக்கு வருவாய்தானே? இரண்டு நாள் கூட நின்றால் உன்னையும் கூட்டிப்போவேன். அண்ணனின் லுமாலா சைக்கிள் உனக்கு அளவாக இருக்கும், சீற்றைக் கொஞ்சம் இறக்கினால் சரி. தேவாரமும் பாடிக்கொண்டு வரலாம்.

எனக்கு இப்போது ஒரே யோசனை மாரிதான். ஐப்பசி அடைமழையில் தாய்மார் பின்வாங்கிவிடக் கூடாது. பள்ளிக்கூடத்தில் சைக்கிள் விடுகிற இடத்துக்குக் கூரையும் இல்லை, இருக்கைகள் நனைந்தால் பிள்ளைகள் அழுவார்கள். உங்கள் பள்ளிக்கூடத்தில் நீளமாகக் கொட்டகை போட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அது பழைய மாணவர்கள் காசா, வேறு ஆரும் கொடுத்தார்களா? கூரை தகரமா, சீற்றா, எவ்வளவு நீளம், எல்லாம் விசாரித்து, முடிந்தால் ஒரு படமும் எடுத்து அனுப்பு. மாதக் கடைசியில் பெற்றோர் கூட்டம். அதற்கு முன் எனக்குக் கிடைக்க வேண்டும்.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன் மச்சாள்