செயலாளரின் ஆண்டறிக்கை: மண்ணில் சேரும் உலோகமும் வேரோரப் பாக்டீரியாவும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும், வீட்டு வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிற அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தா பெரும்பாலும் வந்துவிட்டது, வாய்க்கால் தூர்வாரக் கொடுத்த மனு நிலுவையில் இருக்கிறது. இனி, ஆண்டு முழுக்க நாம் வாதாடிய விஷயத்துக்கு வருகிறேன்: ஆற்றுத் தண்ணீரால் நம் மண்ணில் நச்சு உலோகம் சேர்கிறதா, வேரை ஒட்டி வாழும் பாக்டீரியா அதற்கு உதவுமா என்பதுதான் அது.

ஓசூர் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை நுரை பொங்கி வருவது எல்லோருக்கும் தெரியும், அந்த ஆறுதான் கிருஷ்ணகிரி அணைக்கு வந்து நம் வயலுக்கும் பாய்கிறது. நுரை என்றாலே ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்கள்தான் என்றார்கள் சிலர், அதெல்லாம் ஒன்றுமில்லை என்றார்கள் சிலர். நுரை வருவதற்குச் சோப்புக் கழிவே போதும், அதை வைத்து உலோகம் உண்டு என்றோ இல்லை என்றோ முடிவு கட்ட முடியாது. உங்கள் மண்வள அட்டையை எடுத்துப் பாருங்கள், தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், கார அமில நிலை, உப்பு நிலை, கரிமச்சத்து என்று 12 விவரம் இருக்கும். ஈயம், காட்மியம், குரோமியம் மூன்றுமே அதில் கிடையாது!

சரி, பாக்டீரியா இதில் என்ன செய்யும்? உலோகம் வேரைத் தாக்கினால் செடி எத்திலீனை அதிகமாகச் சுரக்கும். மாங்காயைப் பழுக்க வைக்கிற அதே வாயுதான், ஆனால் வேரில் அது கூடினால் வளர்ச்சி நின்றுபோகும். வேரை ஒட்டி வாழும் சூடோமோனாஸ், பேசில்லஸ் போன்ற பாக்டீரியாக்களில் சில ரகங்கள் எத்திலீன் உருவாகத் தேவையான மூலப்பொருளையே ஒரு நொதியால் உடைத்துத் தின்றுவிடுவதால் வேர் தொடர்ந்து ஓடுகிறது. சில ரகங்கள் பிசின் மாதிரி ஒன்றைச் சுரந்து காட்மியத்தையும் ஈயத்தையும் வேருக்கு வெளியிலேயே பிடித்து வைக்கின்றன. இன்னும் சில, நீரில் எளிதில் கரையும் கொடிய ஆறிணைதிறக் குரோமியத்தை அவ்வளவாகக் கரையாத மூவிணைதிற வடிவமாக மாற்றுகின்றன. செடிக்கு இரும்புச்சத்து கிடைக்க உதவும் ரகங்களும் உண்டு.

ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், உலோகம் மண்ணை விட்டுப் போவதில்லை. பூச்சிமருந்தைச் சிதைப்பதுபோல ஈயத்தை எந்த நுண்ணுயிரும் சிதைக்காது, கட்டிப்போடலாம், வடிவத்தை மாற்றலாம், அவ்வளவுதான். அமிலம் சுரக்கும் சில ரகங்கள் உலோகத்தைக் கரைத்துச் செடிக்குள் கூடுதலாகவே ஏற்றிவிடவும் கூடும். அதனால் செடி பசேலென்று நிற்கிறது என்பதற்காக விளைச்சல் சுத்தம் என்று நம்ப வேண்டாம். தானியத்தைவிட இலையில்தான் காட்மியம் அதிகம் சேரும், சந்தேகம் உள்ள வயலில் கீரை போடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விதை நேர்த்திச் செயல்விளக்கம் எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது. கிலோ கேழ்வரகுக்கு 10 கிராம் சூடோமோனாஸ், ஆறின கஞ்சி கொஞ்சம் விட்டுக் கையால் புரட்டி, சாக்கில் பரப்பி நிழலில் உலர்த்தினோம். பூஞ்சாணக்கொல்லி கலந்த விதையோடு இதைச் சேர்க்கக் கூடாது, பாக்டீரியா செத்துப்போகும். காலாவதி தேதியையும் பாருங்கள், வெயிலில் கிடந்த பாக்கெட்டை வாங்காதீர்கள். கடையில் கிடைப்பது உலோகத்துக்கென்று தேர்ந்தெடுத்த ரகம் அல்ல, நோய் கட்டுப்படவும் வேர் செழிக்கவும்தான் கொடுக்கிறார்கள். அந்த அளவுக்கு எதிர்பார்த்துப் பயன்படுத்தினால் போதும். தொழுவுரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள், பாக்டீரியாவுக்குத் தீனியும் அதுதான், உலோகத்தை ஓரளவு பிடித்து வைப்பதும் அதுதான்.

வரும் ஆண்டுக்கு என் முன்மொழிவு ஒன்றே. ஆற்றுப் பாசனம் உள்ள வயல்களின் மண்ணையும் தண்ணீரையும் உலோகச் சோதனைக்கு அனுப்பலாம், கட்டணத்தைச் சங்க நிதியிலிருந்து கொடுக்கலாம். மண் எடுக்கும்போது இரும்பு மண்வெட்டியும் துருப்பிடித்த தகரமும் வேண்டாம், மரக்குச்சியோ பிளாஸ்டிக் கரண்டியோ வைத்து 15 சென்டிமீட்டர் ஆழம் வரை சுரண்டி, புதுப் பையில் போட்டு, சர்வே எண்ணை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். வரவு செலவைப் பொருளாளர் இப்போது வாசிப்பார்.