சாய்ந்த கற்களை நிமிர்த்துமுன் அளந்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கிழக்கில் பற்றைக்குள் கிடக்கும் பெருங்கற்காலக் கல்லறைகளைத் துப்புரவாக்கி, சரிந்த கற்களை நிமிர்த்தி வைத்தால் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள் என்று வாசகர் ஒருவர் தங்கள் பத்திரிகையில் எழுதியிருந்தார். பற்றையை வெட்டட்டும், வேலி போடட்டும், நல்லது. ஆனால் அளவெடுக்காமல் கற்களில் கைவைக்க வேண்டாம். இந்த மண் முன்னொரு காலத்தில் பலமாகக் குலுங்கியதா என்பதற்கான தடயம் அவை சரிந்து கிடக்கும் விதத்திலேயே இருக்கக்கூடும்.

2018 செப்டெம்பரில் திருகோணமலையில் நிலம் அதிர்ந்தது. அளவில் நான்கைத் தொடாத சிறிய அதிர்வு. அதைவிடப் பெரியது எங்கள் காலடியில் எப்போதாவது வந்ததா? பல்லேகலையில் உள்ளது போன்ற நிலநடுக்கப் பதிவு நிலையங்களின் பதிவுகள் சில பத்தாண்டுகளுக்கு மேல் பின்னே போகா. சீனக்குடா எண்ணெய்க் குதங்களுக்குப் பக்கத்தில் வாழும் நாங்கள் இதை அறிய விரும்புவதில் தவறில்லை.

வெருகலைத் தாண்டினால் கதிரவெளி. அங்கு பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் உண்டு. தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் அகழப்பட்டவை கிறிஸ்துவுக்குச் சில நூற்றாண்டுகள் முந்தியவை. அத்தனை காலம் நின்ற கல் எத்தனையோ பார்த்திருக்கும்.

நாலு பக்கமும் கற்பலகை நட்டு, மேலே மூடுகல் வைத்த கல்லறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒன்றரை மீற்றர் உயரமும் பதினைந்து சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள பலகை வெறுந்தரையில் நின்றால், நிலம் குலுங்கும் ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலில் பத்தில் ஒரு பங்கை எட்டினாலே ஆடத் தொடங்கும். அடிப்பகுதி மண்ணுக்குள் புதைந்திருந்தால் அவ்வளவு லேசில் அசையாது. அதிர்வு எங்கிருந்து வந்தாலும் பலகை தன் தடிப்புக் குறைந்த பக்கமாகத்தான் சாயும். ஆகவே ஒரு கல்லறையை மட்டும் பார்த்து அதிர்வின் திசையைச் சொல்ல முடியாது. தூண்கள் விழுவதைக் கணினியில் கணித்துப் பார்த்த ஜெர்மன் ஆய்வாளர் கிளவுஸ் ஹின்சனும், விழுந்த திசையை வைத்து அவசர முடிவுக்கு வரக்கூடாது என்றே காட்டியிருக்கிறார்.

மூடுகல்லை இன்னும் கொஞ்சம் நம்பலாம். பல கல்லறைகளில் அது ஒரே பக்கம் வழுக்கியிருந்து, உராய்ந்த தடமும் விளிம்பு உடைவும் மற்றப் பரப்பைப் போலவே பழுப்பேறியிருந்தால் அதிர்வைச் சந்தேகிக்க இடமுண்டு. அலவாங்கு போட்டு நெம்பிய கல்லிலோ ஒரு விளிம்பில் மட்டும் வெளிறிய புதுக்காயம் தெரியும். புதையல் தோண்டுவோர் செய்யும் அநியாயம் கொஞ்சமல்ல. மரவேரும் மாரி மழையில் இளகும் மண்ணும் கல்லைச் சாய்க்கும். இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சில் 1797இல் ஒரு முக்கற்கூட்டு (இரு நடுகற்களின் மேல் ஒரு கல் கிடத்திய அமைப்பு) சரிந்ததற்குக் காரணம் பூமியதிர்ச்சி அல்ல, உறைபனி உருகி நிலம் இளகியதுதான் என்கிறார்கள். அது 1958இல் மீண்டும் நிமிர்த்தப்பட்டது.

பிரான்சின் லொக்மாரியாக்கேரில் ஏறக்குறைய இருபது மீற்றர் நீளமான நடுகல் நான்கு துண்டாகக் கிடக்கிறது. அடித்துண்டு ஒரு திசையில், மற்ற மூன்றும் வேறு திசையில். பூமியதிர்ச்சியா, மனிதர் வேண்டுமென்றே விழுத்தியதா என்று அறிஞர்கள் வாதாடி வந்திருக்கிறார்கள். துண்டுகளை யாரும் ஒழுங்குபடுத்தி அடுக்காமல் விட்டதால்தான் அந்த வாதத்துக்கே இடமிருக்கிறது.

இன்னொன்று. விழுந்த கல்லின் அடியில் அகப்பட்ட மண் கடைசியாக எப்போது வெயிலைக் கண்டது என்பதை ஒளிர்வு முறையால் கணிக்கலாம். கல்லைப் பகலில் புரட்டி, அந்த மண்ணில் வெயில் பட்டுவிட்டால் காலக்கணிப்பு கெட்டுவிடும்.

எனவே பெக்கோ உள்ளே வருமுன் ஒவ்வொரு கல்லின் சாய்வையும் திசையையும் அளந்து, எல்லாப் பக்கமும் படமெடுத்து முப்பரிமாணப் பதிவாக வைக்க வேண்டும். தொல்பொருள் திணைக்களமும் புவிச்சரிதவியலாளரும் ஒன்றாக நின்று செய்யவேண்டிய வேலை இது. திணைக்களம் அனுமதி தந்து ஒருவரை மேற்பார்வைக்கு அனுப்பினால், அளவுநாடாவும் திசைகாட்டியும் பிடிக்க எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருக்கிறோம். உயர்தர மாணவர்களையும் அழைத்து வருவோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
உப்புவெளி, திருகோணமலை.