சீனாய் மலையில் போன முழங்கால்

அன்புள்ள மாப்ளே,

பேத்தி காதுகுத்துக்கு அழைத்து எழுதியிருந்தாய். முழங்கால் சம்மதித்தால் வந்துவிடுவேன். அது எங்கே போயிற்று என்று கேட்பாய். எகிப்திலுள்ள சீனாய் மலையில்.

எங்கள் சபையார் போன யாத்திரையில் நானும் ஒட்டிக்கொண்டேன். எல்லாரும் நடுராத்திரியில் மோசே மலை என்றும் சொல்லும் அந்த மலையில் ஏற, நான் பாதி வழியில் ஒட்டகக்காரரிடம் சரணடைந்து திரும்பிவிட்டேன். ஆனால் அடிவாரத்திலுள்ள புனித கத்தரீன் மடத்தை என்னைப் போல நிதானமாகப் பார்த்தவர் எங்கள் கூட்டத்தில் இல்லை.

மடம் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து (இன்றைய இஸ்தான்புல்) ஆண்ட பைசாந்தியப் பேரரசன் ஜஸ்டினியன் கட்டியது. கல்வெட்டுப் பைத்தியமான உனக்கு ஒரு சேதி: கோயில் விட்டத்தில் அவனை உயிரோடு இருப்பவனாகவும், ராணி தியோடோராவைக் காலமானவளாகவும் செதுக்கியிருக்கிறார்கள். அவள் போனது 548, அவன் போனது 565. கட்டிய காலம் பிடிபட்டுவிட்டது பார்!

மதிலுக்குள் மசூதியும் உண்டு. நபிகள் நாயகமே இந்த மடத்துக்குப் பாதுகாப்புப் பத்திரம் எழுதி, உள்ளங்கை அச்சு வைத்துக் கொடுத்தார் என்பது துறவிகளின் நம்பிக்கை. மூலத்தை 1517-இல் துருக்கிய சுல்தான் செலீம் கொண்டுபோய்விட்டாராம், இருப்பது நகல். ஜஸ்டினியனுக்குப் பிறகு, கான்ஸ்டான்டிநோபிளில் அரசனே திருவுருவப் படங்களை அழிக்கச் சொன்ன காலத்தில், இஸ்லாமிய ஆட்சியில் இருந்த இந்த இடம் அவன் கைக்கு எட்டவில்லை. அதனால்தான் 6-ஆம் நூற்றாண்டில் மெழுகு வண்ணத்தில் தீட்டிய கிறிஸ்து முகம் இன்றும் இருக்கிறது. ஒரு பாதியைக் கையால் மறைத்துப் பார்த்தேன்: சாந்தம். மறுபாதியை மறைத்தால் கண்டிப்பான வாத்தியார். ரொம்ப நேரம் அங்கேயே நின்றேன்.

வயிறெரிந்தது நூலகக் கதையைக் கேட்டுத்தான். 4-ஆம் நூற்றாண்டில் தோல் ஏட்டில் எழுதிய கிரேக்க பைபிள் இங்கே இருந்தது. டிஷன்டார்ஃப் என்ற ஜெர்மன் அறிஞர் 1844-இல் 43 ஏடுகளை எடுத்துப்போனார். 1859-இல் மறுபடி வந்து, திருப்பித் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டு 347 ஏடுகளை வாங்கிப் போனார். அவை ரஷ்ய ஜாருக்குப் போய், 1933-இல் சோவியத் அரசிடமிருந்து 1,00,000 பவுண்டுக்கு லண்டன் சேர்ந்தன. முறைப்படி தானமாகவே கொடுத்தார்கள் என்று வாதாடுகிறவர்களும் உண்டு. மடத்துக்கு மிஞ்சியது, 1975-இல் மூடிக்கிடந்த அறையொன்றில் அகப்பட்ட 12 ஏடுகளும் சில துணுக்குகளும்.

கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது. என் அகராதியின் மூன்றாம் தொகுதியை 1982-இல் "ரெண்டே நாள்டா" என்று வாங்கிப் போனாயே. நீ கையெழுத்துகூடப் போடவில்லை.

காதுகுத்துக்கு வரும்போது ஒரு காலிப் பையோடு வருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்